அண்ணன் நிறுத்திய வளைவு

லாரி முதல் தடவை நின்றபோது அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் அதே வளைவில் நின்றபோதுதான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை ஜில்லிட்டுப் போனது.

மலைச்சாலையில் பாறையைக் குடைந்து வழி விட்டிருக்கும் இடம் அது. ஒரு பக்கம் பாறைச்சுவர். மறுபக்கம் இடுப்பளவு மதில், அதற்கு அப்பால் பள்ளம். போன மழைக்காலத்தில் அண்ணன் இந்த லாரியை அந்த மதிலை ஒட்டித்தான் ஓரம் கட்டியிருந்தார். இன்ஜினை அணைத்துவிட்டு, கைப்பிரேக்கையும் இழுத்துப் போட்டிருந்தார். பின்னால் வந்த பஸ்காரர்கள் இறங்கி வந்து பார்த்தபோது, ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துத் தூங்குகிறவர் மாதிரி இருந்தாராம். மாரடைப்பு என்றார்கள். லாரி கொஞ்ச காலம் போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பிறகு அண்ணியின் பெயருக்கு மாறி, அவன் கைக்கு வந்தது. அதுவரை கூலிக்கு அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன், அண்ணன் உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்தான்.

லாரி குலுங்கியோ வெடித்தோ நிற்கவில்லை. அடிவாரத்திலிருந்து நன்றாக இழுத்துக்கொண்டு வரும்; வளைவு நெருங்க நெருங்க மூச்சு குறைந்து, பேச வந்ததைப் பாதியில் விழுங்கியவர் மாதிரி அடங்கிப்போகும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அன்றும் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல், யாரும் இல்லாத கேபினில் மெல்லச் சொன்னான்.

"அண்ணா, விடுண்ணா. லோடு இறக்கணும்."

சாவியைத் திருப்பினான். ஒன்றுமே நடக்காத மாதிரி இன்ஜின் கிளம்பியது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதைவிட, சிரிக்காமல் நம்பிவிடுவார்கள் என்றுதான் பயமாக இருந்தது.

மெக்கானிக்கைத் தேடி அலைந்தான். முதலில் பைபாஸில் உள்ள பெரிய ஒர்க்ஷாப். வண்டியைக் கண்ணால் பார்த்த மாத்திரத்திலேயே "டீசல் பம்ப் போச்சு" என்றார்கள். பம்பைக் கழற்றி மாட்டினார்கள். சமதரையில் வண்டி குதிரை மாதிரி ஓடியது. மலையில் நின்றது. அடுத்தவர் டீசல் பீய்ச்சும் நாசில் என்றார். அதற்கடுத்தவர் "இவ்ளோ நாளா எவன்கிட்ட காட்டுனீங்க? நாசமாக்கி வச்சிருக்கான்" என்று தலையில் அடித்துக்கொண்டு, இன்ஜினின் ஹெட்டையே இறக்கி வைத்தார். ஒவ்வொருவரும் முந்தைய ஆளைத் திட்டிவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுத்தார்கள். ஒருவர்கூட, எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கேட்கவில்லை.

அண்ணிதான் கேட்டாள்.

"இத்தனை வேலை பாத்தும் நிக்குதுன்னா, எங்க தம்பி நிக்குது?"

"மலையில அண்ணி."

"மலையில எங்க?"

அவன் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த லோடுக்கு அவளும் கிளம்பிவிட்டாள். துணிக்கடை வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கேபினில் ஏறி உட்கார்ந்தாள். சிமெண்ட் மூட்டைகளோடு லாரி மலை ஏறியது. பாறைச்சுவர் தெரிந்ததும் இன்ஜின் சத்தம் மெலிந்தது. நின்றது.

"நீ கொஞ்சம் இறங்கு தம்பி" என்றாள்.

இறங்கி மதில் பக்கம் போய் நின்றான். கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்டது. குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். வீட்டு ஓனர் வாசல் பக்கம் சுவர் எழுப்பப் போவதைச் சொன்னாள். பிறகு குரல் ஏறியது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று சண்டை பிடித்தாள். கடைசியில் கண்ணாடியை இறக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"இப்ப எடு."

எடுத்தான். கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அண்ணி சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான்.

"உயிரோட இருந்தப்போ உங்கண்ணன் இவ்ளோ நேரம் உக்காந்து என் பேச்சைக் கேட்டதே இல்ல."

அதிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும் வந்தாள். மலைக்குப் போகாத நாட்களில் முகம் வாடிக் கிடந்தாள். மெக்கானிக்கிடம் போகலாம் என்று அவன் எடுத்தாலே, "அவனுங்களுக்கு என்ன தெரியும்" என்று பேச்சை வெட்டிவிடுவாள். வண்டி சரியாகிவிடக் கூடாது என்று அவள் நினைப்பது அவனுக்குப் புரிந்தது. அதைவிட மோசம், அவனுக்குள்ளும் பாதி அப்படித்தான் இருந்தது. அடிவாரத்தில் கியர் மாற்றும்போதே, இன்றைக்காவது நிற்காமல் போய்விடட்டும் என்று நினைப்பான். ஆனால் வளைவில் நின்று, இன்ஜின் சூடு ஆறும்போது எழும் அந்த டிக் டிக் சத்தத்தில், பக்கத்தில் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கனம் கேபினில் இருக்கும். அதைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வந்ததில்லை.

ஒரு நாள் மழை மூட்டத்தில் லாரி வளைவில் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்துச் சறுக்கி, ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பஸ்ஸுக்குள் குழந்தைகள் வீறிட்டு அழுதன. டிரைவர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்தார். "சாகணும்னா நீ தனியா சாவு. இத்தனை பேரை ஏன் கூட்டிட்டுப் போற?"



அன்று மாலை லாரி நிறுத்தத்து டீக்கடையில் தெரிந்த டிரைவர்களை எல்லாம் பிடித்துக் கேட்டான். உங்க வண்டிக்குன்னா யார்கிட்ட கொண்டுபோவீங்க? நம்பிக் கொடுக்கிற மாதிரி ஆள் யாராவது இருக்காங்களா?

"வேண்டாம்" என்றார் ஒருவர்.

"ஏன் வேண்டாம்?"

"அட, அந்த மெக்கானிக்குக்கு நாங்க வச்ச பேரே அதான்யா. போய் பம்ப் மாத்தணும்னு சொல்லு, வேண்டாம்பாரு. ஹெட்டை இறக்கணுமான்னு கேளு, வேண்டாம்பாரு. வேலையே இல்லாத வண்டிய அப்படியே திருப்பி அனுப்பிடுவாரு. இப்படி இருந்தா பொழப்பு ஓடுமான்னு கேட்டா, அதையும் வேண்டாம்பாரு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவர்கூட அவரைக் குறை சொல்லவில்லை.

அண்ணியிடம் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"அந்த ஆள்கிட்டயா? உங்கண்ணன் அந்த வாசலையே மிதிக்க மாட்டேன்னு இருந்தாரே. தொழில் தெரியாதவன்னு வாயாலயே சொன்னாரு."

"போய்க் கேட்டுத்தான் பாப்போமே அண்ணி. பஸ்ல குழந்தைங்க இருந்துச்சு."

மறுநாள் காலையில் அவள் அவனுக்கு முன்னால் கேபினில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வண்டியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது அந்த உட்காரல்.

ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட பட்டறை. எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் தரை கூட்டிப் பெருக்கி இருந்தது. ஒடிசலான, உயரமான மனிதர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். லாரியைப் பார்த்ததும் நடை தயங்கியது. வந்து பானட்டைத் திறக்கவில்லை. கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வண்டிய நான் ஓட்டியிருக்கேன்" என்றார். "இத ஓட்டிட்டிருந்தவரு உங்களுக்கு என்ன ஆகணும்?"

"அண்ணன். இவங்க என் அண்ணி."

அவர் அண்ணியை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "கேள்விப்பட்டேம்மா."

"தொழில் தெரியாதவருன்னு சொல்லிட்டுப் போனாரு உங்களை" என்றாள் அண்ணி, இறங்காமலேயே.

"சொல்லியிருப்பாரு. ஏத்தத்துல வண்டி இழுக்கலன்னு கொண்டாந்தாரு. பக்கத்துல உக்கார வச்சு நானே மலையில ஓட்டிப் பாத்தேன். வண்டி நல்லாத்தான் இழுத்துச்சு. அவருக்குத்தான் வேர்த்துக் கொட்டுச்சு. வண்டிக்கு ஒரு வேலையும் வேண்டாம், நீங்க முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்கன்னேன். வண்டியக் காட்ட வந்தா என்னைக் குறை சொல்றியான்னு சத்தம் போட்டுட்டுப் போயிட்டாரு."

தகரக் கூரை வெயிலில் படபடவென்று நெளிந்தது. அண்ணி இறங்கினாள். அவர் எதிரே வந்து நின்றாள். அடித்துவிடுவாளோ என்று அவன் பயந்தான்.

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"வீடு தெரியாதும்மா."

"தேடியிருக்கலாமே."

"தேடியிருக்கலாம்" என்றார் அவர்.

அண்ணி கேபினில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "வண்டி சரியில்ல, எவனுக்கும் கண்டுபிடிக்கத் தெரியலன்னுதான் எங்கிட்ட சொன்னாரு தம்பி. நானும் அந்த மெக்கானிக்கைத் திட்டினேன். கூடச் சேந்து திட்டினேன்."

இனி அந்தப் பக்கமே போக முடியாது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். ஆனால் விடிந்ததும் அவளே வந்து நின்றாள்.

"அந்த ஆள்கிட்டயே விடு. நமக்கு நல்லவனா தெரியணும்னு பொய் சொல்ற ஆளு இல்ல."

'வேண்டாம்' என்று பேர் வாங்கிய அந்த மெக்கானிக், வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். எங்கே நிற்கிறது, எந்தக் கியரில் நிற்கிறது, லோடு இல்லாமல் போனால் நிற்கிறதா, நின்ற பிறகு எவ்வளவு காத்திருந்தால் கிளம்புகிறது. அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசிக் கேள்விக்கு மட்டும் திணறினான்.

"அது... கொஞ்ச நேரம் பேசினா கிளம்பிடும்."

அவர் சிரிக்கவில்லை. "யாரு பேசினா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு டீசல் கேனை எடுத்து வந்தார். கேபினுக்குப் பின்னால் அதை இறுகக் கட்டினார். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து தனியாக ஒரு குழாயைக் கொடுத்தார். கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு டேங்குக்கும் இன்ஜினுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வழக்கமான லோடோட மலைக்குப் போவோம்."

மூன்று பேரும் கிளம்பினார்கள். நடுவில் அண்ணி. கதவோரம் மெக்கானிக். அடிவாரம் தாண்டியது. கியரைக் குறைத்து மிதித்தான். பாறைச்சுவர் கண்ணில் பட்டதும் அவன் கால் தானாகத் தளர்ந்தது.

"மிதிங்க தம்பி" என்றார் அவர். "நீங்களா நிறுத்தாதீங்க."

மிதித்தான். சத்தம் மெலியவில்லை. மதில் தொடங்கியது. அண்ணி முன்னால் குனிந்து டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தாள். இன்ஜின் அதே கனத்த குரலில் இழுத்துக்கொண்டே போனது. ஓரம் கட்டிய இடம், கல் அண்டை கொடுத்த இடம், எல்லாம் சன்னலில் வந்து சாதாரணமாகப் பின்னால் போயின.

"நிறுத்து!" என்று கத்தினாள் அண்ணி. "தம்பி, நிறுத்து! அவரு அங்க..."

"மேல போய் நிறுத்துங்க. ஏத்தத்துல வேண்டாம்" என்றார் அவர்.

அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினான். உச்சியில் சமமான இடத்தில் நிறுத்தியதும், அவள் அவர் முழங்காலைத் தாண்டிக் குதித்து இறங்கி, வந்த வழியே கீழே நடக்கத் தொடங்கிவிட்டாள். அவன் பின்னால் ஓடினான்.

வளைவில் அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒன்றுமில்லை. தார்ச்சாலையில் எண்ணெய்ச் சொட்டுகள் மட்டும் இருந்தன, இத்தனை நாள் அவர்கள் நின்றுபோனதன் கறை. காற்று பாறையில் மோதித் திரும்பியது.

"அப்போ நிறுத்தினது அவரில்லையா?"

"தெரியல அண்ணி."

"நான் யார்கிட்ட தம்பி பேசிட்டிருந்தேன்?"

அவள் மதிலுக்கு மேல் எட்டிப் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு, "வா, போலாம். பாவம், அந்த மனுஷன் காத்துட்டிருப்பாரு" என்றாள்.

மேட்டில் திரும்பி ஏறினார்கள். பாதி வழியில் அவன் மைல்கல் மேல் உட்கார்ந்தான். செருப்பில் கல் என்றான். கொஞ்ச தூரம் போய் மதிலில் சாய்ந்தான். கழுத்துக் குழியில் வேர்வை தேங்கியிருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வை மாறியதை அவன் கவனித்தான். இத்தனை மாதமாக அவனைத் துளைத்துக்கொண்டு வேறெங்கோ போய்க்கொண்டிருந்த பார்வை, முதல் தடவையாக அவன் மேல் வந்து நின்றது.

"எத்தனை நாளா இப்படி?"

"சும்மா வெயில் அண்ணி."

"எங்கிட்ட வெயிலுங்காதே" என்றாள். "உங்கண்ணனும் வெயிலுன்னுதான் சொன்னாரு."

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் டேங்க்கைக் கழற்றி இறக்கினார். டீசலை வடித்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டார். உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வந்தது.

"டேங்க் மூடி புதுசா இருக்கே?" என்று கேட்டார்.

அவனுக்கு நினைவு வந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை எடுத்தபோது மூடி இல்லை. யாரோ திருடிவிட்டிருந்தார்கள். திறந்திருந்த வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள், வெயிலில் அது நைந்து கிழிந்திருந்தது. மிச்சத்தைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புது மூடி போட்டவன் அவன்தான். கிழிந்த பாதி எங்கே போனது என்று அப்போது யோசிக்கவில்லை.

"சமதரையில இது பாட்டுக்கு மிதக்கும்" என்றார் அவர். "அடிவாரத்துலேர்ந்து விடாம மிதிச்சு ஏறும்போது டீசலோட சேந்து இழுபட்டு வந்து குழாய் வாயில ஒட்டிக்கும். அந்த வளைவு வர்றதுக்குள்ள நல்லா அடைச்சிடும். வண்டி நின்னா இழுப்பு விட்டுடும், கொஞ்ச நேரத்துல தானா விலகிடும். வேற மலைக்குப் போயிருந்தா அங்கயும் எங்கயாவது நின்னிருக்கும். நீங்க வேற மலைக்குப் போகல."

"இது அவரோடதா?" என்று அண்ணி கேட்டாள்.

"யாரோடதுன்னு எப்படிம்மா சொல்றது. ஒரு பிளாஸ்டிக் பை."

அண்ணி கை நீட்டி வாங்கினாள். விரல்களுக்கிடையே டீசல் வழிந்தது. அதில் பார்க்க ஒன்றும் இல்லை, எழுத்துக்கூட இல்லை. பட்டறை ஓரத்துக் குப்பைத் தகரத்தில் போட்டுவிட்டு, சோப்பு எங்கே என்று கேட்டாள்.

அந்த வாரமே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முடியாது என்று சொன்னவனிடம் அவள் வாதாடவில்லை, லாரி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மார்பெங்கும் ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டையின் மேல் அவனை நிற்க வைத்தார்கள். நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்த, பட்டை நகர்ந்தது. நடந்தான். சுலபமாகத்தான் இருந்தது. பிறகு பட்டையின் முன்பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது.

"கொஞ்சம் ஏத்தம் வைக்கிறேன்" என்றாள் நர்ஸ்.

எதிரே வெள்ளைச் சுவர்தான். ஆனாலும் அவனுக்குப் பாறை தெரிந்தது. நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது மாதிரி இருந்தது, ஆத்திரமில்லாமல், போதும் என்று சொல்வதுபோல. இந்தக் கையை அவனுக்குத் தெரியும். லோடு கட்டும்போதும் மாடிப்படியிலும் பல தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது போகும்வரை வேறு எதையாவது பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"எங்கயாவது வலிக்குதா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணனுக்கும் இப்படித்தான் வந்திருக்கும். கதவுக் கண்ணாடிக்கு வெளியே அண்ணி உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

"வலிக்குது" என்றான். "இங்க. கை வரைக்கும் போகுது."

நர்ஸ் பட்டையை நிறுத்தினாள். டாக்டரைக் கூப்பிட்டாள்.

இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னபோது, அண்ணி அவரைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தாள். அடைப்பை நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போதைக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அண்ணி துணிக்கடை வேலைக்குத் திரும்பினாள். மலைக்குப் போவதைப் பற்றி அவள் பேசுவதில்லை. சில மாலைகளில் மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டே யாரிடமோ ஏதோ முணுமுணுப்பது கேட்கும். அவன் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். அதனால் அவன் உள்ளே போகாமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

அந்த மெக்கானிக் சொல்லி அனுப்பிய டிரைவர் ஒருவர் லாரியை ஓட்டுகிறார். கலகலப்பான மனிதர். லோடு இறக்கிவிட்டு வந்து சாவியைக் கொடுக்கும்போது, இன்ஜின் பிரமாதம், இந்த வயசு வண்டி இப்படி இழுத்து நான் பார்த்ததில்லை என்பார். ஒரு நாள் அவனால் அடக்க முடியவில்லை.

"அந்தப் பாறை வளைவுல ஒண்ணும் தோணலையாண்ணே உங்களுக்கு?"

டிரைவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"மலை முழுக்கப் பாறையாத்தானே இருக்கு தம்பி. எந்த வளைவைச் சொல்றீங்க?"